தெருவில் ஓடும் இழை யாருடையது?
வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன்: "வீட்டு இணைய இணைப்பையும் குடிநீர், மின்சாரம் போலப் பொதுச் சேவையாக நடத்த வேண்டும். விருப்பப்பட்டால் விற்கலாம், இல்லாவிட்டால் கதவைச் சாத்தலாம் என்ற நிலை இனி செல்லாது." இரண்டு வரிக்குப் பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பாதி வசவு. ஆகவே இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன் முப்பத்தோரு வருடம் தொலைபேசி லைனில் வேலை பார்த்தவன் நான். கம்பம் ஏறுவதில் ஆரம்பித்து, இணையத்தை ஒளியாகச் சுமக்கும் கண்ணாடி இழை (ஃபைபர்) ஒட்டுவதில் ஓய்வு பெற்றேன். கம்பி மேல் எனக்குப் பாசம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

தண்ணீர் இல்லாவிட்டால் மூன்று நாளில் உயிர் போய்விடும். இணையம் இல்லாமல் யார் செத்தார்கள்? எதற்கெடுத்தாலும் 'அத்தியாவசியம்' என்று முத்திரை குத்துவது உங்களுக்கே சரியாகப் படுகிறதா?
*ஓய்வுபெற்ற கணக்காளர்*

சாவை அளவுகோலாக வைத்தால் மின்சாரமும் தேறாது ஐயா. மின்சாரம் இல்லாமல் மனிதன் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்திருக்கிறான். அமெரிக்காவில் 1930களின் நடுவில்கூடப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. நகரத்துக்கு விற்ற நிறுவனங்கள், வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கிற இடத்தில் கம்பம் நட்டால் கட்டுப்படியாகாது என்று கணக்குக் காட்டின. கணக்கில் பிழை இல்லை. 1936இல் ஊரக மின்மயமாக்கல் சட்டம் வந்து, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்த பிறகுதான் அந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. யாரும் சாகாமல் இருந்ததற்காக அவர்களை இருட்டிலேயே விட்டுவிடலாம் என்று அன்று எவரும் வாதாடவில்லை.

அளவுகோல் வேறு. ஆற்றில் ஒரே ஒரு தோணி. அக்கரை போக வேறு வழி இல்லை. அப்படியானால் தோணி யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் தோணிக்காரருக்குச் சில கடமைகள் வந்துவிடுகின்றன: காசு கொடுப்பவரை ஏற்ற மாட்டேன் என்று சொல்லக் கூடாது, ஆளுக்கொரு கூலி கேட்கக் கூடாது, ஓட்டைத் தோணியை விடக் கூடாது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேல் துறைமுகங்களைப் பற்றி எழுதியபோது ஏறத்தாழ இதைத்தான் சொன்னார். ஊரார் எல்லாரும் நம்பியிருக்கும் சொத்து, முழுக்கத் தனிச்சொத்தாக நீடிக்க முடியாது என்பது அதன் சாரம்.

இருநூறு ஆண்டு கழித்து அந்தக் கருத்து சிகாகோவில் வந்து இறங்கியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதித் தானியம் அந்த நகரத்தின் 14 கிடங்குகள் வழியாகப் போக வேண்டியிருந்தது. அவை ஒன்பது நிறுவனங்களின் கையில் இருந்தன. அவர்கள் தங்களுக்குள் பேசிக் கூலியை நிர்ணயித்தார்கள். இல்லினாய் மாநிலம் உச்சவரம்பு விதித்தது. கிடங்குக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1877இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. கிடங்குகளை யாரும் பிடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சொந்தக்காரர் அவரே, கடமை மட்டும் கூடிவிட்டது. பொதுச் சேவை என்றால் நான் சொல்ல வருவது இதைத்தான். உடனே 'அரசுடைமை' என்று பதறிக் கடிதம் எழுதிய பதினோரு பேருக்கும் இதுவே பதில்.

இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃபே, இணையம் மனித உரிமை அல்ல என்று எழுதியிருக்கிறாரே?
*பள்ளி ஆசிரியை*

எழுதியிருக்கிறார், 2012 ஜனவரியில். அவர் சொன்ன உவமை குதிரை. ஒரு காலத்தில் குதிரை இல்லாமல் பிழைப்பு நடத்துவது கடினம். ஆனால் அப்போதும் உரிமை என்பது பிழைப்பதற்குத்தான், குதிரைக்கு அல்ல. தொழில்நுட்பம் உரிமைக்கு வழி, அதுவே உரிமை ஆகாது என்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். ஆனால் அந்த உவமையில் ஒரு காட்சி விட்டுப்போயிருக்கிறது. அலுவலகத்தின் கவுன்ட்டரை இடித்துவிட்டுக் குதிரை மேல் உட்கார்ந்தால் மட்டுமே எட்டுகிற உயரத்தில் ஒரு சன்னலை வைத்தால்? தேர்வு முடிவு அங்கே, ஓய்வூதிய விண்ணப்பம் அங்கே, மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவதும் அங்கே. தரையில் நிற்பவரிடம் "குதிரை உங்கள் உரிமை அல்ல" என்று சொல்வது தத்துவமாகச் சரி. கவுன்ட்டரை இடித்தவர் ஒன்று குதிரையைக் கொடுக்க வேண்டும், அல்லது கவுன்ட்டரைத் திரும்பக் கட்ட வேண்டும்.

இதைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஒரு கல்லூரி விடுதி வழக்கில் தொட்டது. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை கைப்பேசி கூடாது என்ற விதிக்குக் கட்டுப்படாத மாணவியை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. குதிரை தனி உரிமையாகவில்லை, பிழைக்கும் உரிமைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. செர்ஃபுக்கும் இதில் மனத்தாங்கல் இருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு சாலையின் கடைசி. எண்ணூறு மீட்டருக்கு முன்னால் நிறுவனத்தின் இழை நின்றுவிடுகிறது. "உங்கள் ஒரு வீட்டுக்காக இழுக்க முடியாது" என்கிறார்கள். கைப்பேசி சிக்னல் மாடியில் ஒரு மூலையில் மட்டும் வரும். மகள் அங்கே குடை பிடித்துக்கொண்டு வகுப்பு கேட்கிறாள். நான் யாரிடம் போய் முறையிடுவது?
*கடைசி வீட்டுக்காரர்*

இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்ற கடிதங்களையும் எடுத்துக்கொண்டேன்.

அந்த எண்ணூறு மீட்டரில் எதற்குச் செலவாகிறது என்று சொல்கிறேன். இழைக்கு அல்ல. கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான், தலைமுடி அளவு. அதன் நடுவே ஒளி ஓடுகிற பகுதி வெறும் ஒன்பது மைக்ரான். இரண்டு இழைகளை ஒட்ட வேண்டுமானால் மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, முனையைத் துல்லியமாக வெட்டி, டிபன் பெட்டி அளவு இயந்திரத்தில் இரு பக்கமும் வைத்து மூடியைச் சாத்துவோம். சின்னத் திரையில் இரண்டு முனைகளும் இரண்டு தூண்கள் போலத் தெரியும். ஒன்றையொன்று தேடி நகரும். 'சிர்ர்' என்று ஒரு மின்பொறி. கண்ணாடி உருகி இரண்டும் ஒன்றாகிவிடும். ஒட்டு விழுந்த இடத்தைத் திரையிலேயே கண்டுபிடிக்க முடியாது. வெட்டி விழுந்த துணுக்கு மட்டும் விரல் நுனியில் ஏறிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஒரு வாரம் நெருடிக்கொண்டே இருக்கும். இவ்வளவு நுட்பமான வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மண்வெட்டி வேலைதான் முடியாது. பள்ளம் தோண்டுவது, பாறையை உடைப்பது, சாலையைக் குறுக்கே அறுத்து மூடுவது, கம்பத்துக்கு அனுமதி வாங்குவது: பணத்தில் பெரும்பங்கு மண்ணுக்குள் போகிறது.

மண்ணுக்குள் போகிற செலவு நூறு வீடு இருந்தாலும் ஒன்றுதான், ஒரு வீடு இருந்தாலும் ஒன்றுதான். அதனால் கடைசி வீட்டை விட்டுவிடுவது லாப நோக்கில் முழுக்க நியாயம். நிறுவனத்தைத் திட்டிப் பயன் இல்லை. விதியைத்தான் மாற்ற வேண்டும்.

தபாலில் இதை எப்போதோ மாற்றிவிட்டார்கள். 1840இல் பிரிட்டனில் ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி, தூரம் எவ்வளவானாலும் ஒரு பென்னிக்கு ஒரு கடிதம் என்று ஆக்கினார்கள். பக்கத்துத் தெருவுக்கு எழுதுபவர் மலையுச்சிக்கு எழுதுபவரின் செலவில் ஒரு துளியைச் சுமந்தார். சுமந்தது அவருக்கே தெரியவில்லை.

இணையத்தில் இதை முதலில் சட்டமாக்கிய நாடுகளில் ஒன்று பின்லாந்து. 2010 ஜூலை 1 முதல், நிரந்தரக் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பை நியாயமான கட்டணத்தில் கொடுத்தாக வேண்டும் என்று அன்று விதித்தது. கொடுக்க வேண்டிய நிறுவனம் எது என்பதையும் அரசு குறிப்பிட்டுவிடும். பிரிட்டன் 2020 மார்ச்சில் 10 மெகாபிட்டை அப்படி உரிமையாக்கியது. அதில் ஒரு முடிச்சும் போட்டது: ஒரு வீட்டுக்கு 3,400 பவுண்டுவரை செலவானால் நிறுவனம் ஏற்கும், அதற்கு மேல் போனால் மிச்சத்தை வீட்டுக்காரர் கட்ட வேண்டும். கடைசி வீட்டுக்குச் செலவு அந்த வரம்பைத் தாண்டத்தானே செய்யும்? தபால்காரர் மலையடிவாரம்வரை வந்துவிட்டு, மிச்சத்துக்குக் குதிரை வாடகையை நீயே கொடு என்கிற மாதிரி.

யாரிடம் முறையிடுவது என்று கேட்டீர்கள். பொதுச் சேவைச் சட்டம் இல்லாத இடத்தில் நீங்கள் வாடிக்கையாளர்கூட அல்ல, விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர். நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்கக்கூட ஒரு ரசீது வேண்டும். அதனால்தான் சென்ற இதழில் அந்த இரண்டு வரியை எழுதினேன். இப்போதைக்கு ஒன்று செய்து பாருங்கள். அந்த எண்ணூறு மீட்டருக்குள் வேறு இணைப்பு கேட்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, சேர்ந்தே விண்ணப்பியுங்கள். ஒரு இழையிலிருந்து ஒளியைப் பிரித்து 32 வீட்டுக்குக் கொடுக்கலாம், நடுவில் மின்சாரமே தேவையில்லை. "ஒரு வீட்டுக்காக" என்ற சொல்லை அவர்கள் வாயிலிருந்து பிடுங்கிவிட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

அரசாங்கம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று தெரியாதா? தொலைபேசிக்கு வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தை மறந்துவிட்டீர்களா?
*மென்பொருள் பணியாளர்*

மறக்கவில்லை. காத்திருக்க வைத்தவர்களில் நானும் ஒருவன். காத்திருப்போர் பட்டியல் பேரேட்டில் இருக்கும். ஒருவர் விண்ணப்பித்தபோது அவருடைய மகன் தொட்டிலில் இருந்தான். இணைப்புக் கொடுக்க நான் போனபோது அந்தப் பையன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டான். இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

ஆனாலும் "அரசு" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூட்டை கட்டக் கூடாது. அமெரிக்காவின் சட்டநூகாவில் நகராட்சியின் மின்வாரியம், மின்தடையைத் தானாகச் சரிசெய்யும் கட்டமைப்புக்காக நகரம் முழுக்க இழை பதித்தது. மத்திய அரசு 11 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது. 2010இல் அதே இழையில் நகரின் எல்லா வீட்டுக்கும் ஒரு கிகாபிட் (ஆயிரம் மெகாபிட்) வேகத்தை விற்க முன்வந்தார்கள். அன்று பெரிய தனியார் நிறுவனங்களே அதைச் செய்யவில்லை. அக்கம்பக்கத்து ஊர்கள் எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டன. மின்வாரிய எல்லைக்கு வெளியே விற்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் தடுத்தது. நடத்தத் தெரியாததால் நின்ற அரசு அல்ல இது, நன்றாக நடத்தியதால் வேலிக்குள் நிறுத்தப்பட்ட அரசு.

அடுத்ததையும் சொல்கிறேன், ஒருதலைப்பட்சம் என்று எழுதுவீர்கள். யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரம் சுமார் 3.9 கோடி டாலர் கடன் வாங்கி இழை பதித்தது. கட்டுப்படியாகவில்லை. 2013இல் கூகுளுக்கு விற்றது, ஒரு டாலருக்கு. கடனை நகரவாசிகள் தொடர்ந்து கட்டினார்கள். ஆஸ்திரேலியா 2009இல் 90 சதவீத வீடு, அலுவலகங்களுக்கு இழை என்று அறிவித்தது. 2013இல் ஆட்சி மாறியதும், பல இடங்களில் கடைசித் தூரத்துக்குப் பழைய செப்புக் கம்பியே போதும் என்று திட்டத்தை மாற்றினார்கள். சில வருடம் கழித்து அதே தெருக்களில் மறுபடி இழை இழுக்க ஆரம்பித்தார்கள். செப்புக் கம்பியோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். என்னைக் கேட்டிருந்தால், அதைக் கெடுக்க ஒரு மழைக்காலம் போதும் என்று சொல்லியிருப்பேன்.

எனக்குப் பிடித்தது ஸ்டாக்ஹோம். 1994இல் அந்த நகராட்சி ஸ்டோகாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அது வீடுகளுக்கு இணையம் விற்பதில்லை. வெறும் இழையைப் பதித்து, கேட்கிற நிறுவனங்களுக்கெல்லாம் வாடகைக்கு விடுகிறது. ஒளியூட்டுவதும் வாடிக்கையாளரைப் பிடிப்பதும் அந்த நிறுவனங்களின் பாடு. சாலை நகராட்சியுடையது, பஸ் யாருடையதாகவும் இருக்கலாம் என்ற ஏற்பாடு. மூன்று நிறுவனம் மூன்று பள்ளம் தோண்டுகிற கூத்தும் இல்லை. நான் கடைசியாக வேலை பார்த்த வருடம், ஒரே தெருவை மூன்று பேர் மூன்று முறை தோண்டினார்கள். மூன்றாவது ஆளின் இயந்திரம் முதல் இரண்டு பேரின் இழையையும் ஒரே கடியில் அறுத்தது. அன்றிரவு இரண்டு போட்டி நிறுவனத்து ஆட்களும் ஒரே குழியில், ஒரே டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒட்டினோம். போட்டி சந்தையை வாழவைக்கும் என்று படித்தவர்கள் அந்தக் குழியை வந்து பார்த்திருக்க வேண்டும்.

குழாய் அரசின் கையில் இருந்தால், பிடிக்காதபோது அரசே மூடிவிடாதா?
*சட்டக் கல்லூரி மாணவி*

மூடும். தனியார் கையில் இருந்தாலும் மூடும். காஷ்மீரில் 2019 ஆகஸ்ட்டில் இணையத்தை நிறுத்தியபோது தனியார் நிறுவனங்களின் சேவையும் சேர்ந்தேதான் நின்றது. கைப்பேசியில் 4ஜி வேகம் முழுதாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. உரிமம் கொடுத்தவர் ஒரு தாள் அனுப்பினால் போதும், நிறுவனம் சுவிட்சை அணைத்துவிடும். இடையில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கால வரையறையின்றி இணையத்தை முடக்குவது செல்லாது, முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. இணையமே அடிப்படை உரிமை என்று அது சொல்லவில்லை. இணையத்தின் வழியாகப் பேசுவதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. இந்த வேறுபாட்டைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

பொதுச் சேவையாக்கச் சொல்வதில் உங்கள் கவலைக்கும் ஓரளவு மருந்து இருக்கிறது. குடிநீரை நிறுத்த வேண்டுமானால் முன்னறிவிப்பு, காரணம், மேல்முறையீடு என்று படிகள் வேண்டும் என்பதை எல்லாரும் ஏற்கிறோம். வெறும் வணிகச் சரக்காக இருக்கிற ஒன்றுக்கு அந்தப் படிகளைக் கேட்டு வாங்குவது கடினம்.

பொதுச் சேவை என்று எத்தனை மெகாபிட் கொடுக்க வேண்டும்?
*பெயர் வேண்டாம் என்றவர்*

எண்ணைச் சட்டத்தில் பொறித்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 'அகலப்பட்டை' (பிராட்பேண்ட்) என்று சொல்ல 2015இல் 25 மெகாபிட் இறக்கமும் (டவுன்லோடு) 3 ஏற்றமும் (அப்லோடு) போதும் என்றார்கள். 2024இல் அதை 100, 20 என்று உயர்த்தினார்கள். ஏற்றம் என்பதைக் கவனியுங்கள். படம் பார்ப்பவருக்கு இறக்கம் போதும். வகுப்பில் முகம் காட்டிப் பேசுபவருக்கு ஏற்றம் வேண்டும். விளம்பரத்தில் முதல் எண் பெரிதாக இருக்கும், இரண்டாவது எண்ணைப் பூதக்கண்ணாடியில் தேட வேண்டும்.

பொதுச் சேவை என்றால் இலவசமா?
*சிறு வணிகர்*

மின்சாரத்துக்கு மீட்டர் ஓடவில்லையா? பிரிட்டனில் தொழிற்கட்சி 2019 தேர்தலில் எல்லார் வீட்டுக்கும் இலவச இழை இணையம் என்று வாக்குறுதி கொடுத்தது, தேர்தலில் தோற்றது. தோல்விக்கு அது காரணம் என்று சொல்ல மாட்டேன். நியாயமான கட்டணம், கட்ட முடியாதவருக்கு உதவி, இது போதும். சட்டநூகாவில் 2020இல் ஏழை மாணவர்களின் வீடுகளுக்கு மட்டும் கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். அந்த அளவு இலவசத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய தொலைபேசி, கரண்ட் போனாலும் வேலை செய்யும். இப்போது வீட்டுக்கு இழை வந்துவிட்டது, கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது. இது முன்னேற்றமா? எனக்கு வயது 78, தனியாக இருக்கிறேன்.
*மூத்த வாசகி*

அம்மா, இத்தனை கடிதங்களில் பொதுச் சேவை என்றால் என்ன என்று சரியாகப் புரிந்துகொண்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் கீழ்த்தளத்தில் பாட்டரி அறை என்று ஒன்று உண்டு. ஆளுயர அடுக்குகளில் வரிசையாகப் பாட்டரிகள். கதவைத் திறந்தால் அமிலத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறும். அங்கிருந்து 48 வோல்ட் மின்சாரம் செப்புக் கம்பி வழியாகவே உங்கள் வீட்டுத் தொலைபேசிவரை வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் அந்த 'ங்ங்' ஒலி கேட்கும். நடு இரவில் யாராவது மருத்துவரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதற்காக, வாரம் தவறாமல் பாட்டரிகளை அளந்து எழுதிவைத்தோம். அளக்காவிட்டால் மெமோ வரும்.

கண்ணாடியில் ஒளி போகும், மின்சாரம் போகாது. அதனால் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை. அது நின்றால் பெட்டியும் நிற்கும். இழையின் குற்றம் அல்ல இது. பெட்டியோடு ஒரு சிறு பாட்டரியும் கொடுத்தாக வேண்டும் என்று உங்களைப் போன்றவர்களுக்காக விதி எழுதாதவர்களின் குற்றம். மடிக்கணினிக்கு அல்ல, ரவுட்டருக்கென்றே சின்ன பாட்டரி விற்கிறார்கள். வாங்கும்போது உங்கள் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறதோ அதையே கேளுங்கள். அநேகமாக 12 இருக்கும். சுவரில் இழைக்கென்று தனிப் பெட்டியும் ரவுட்டர் தனியாகவும் இருந்தால் இரண்டுக்குமே வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு எனக்குக் கோபமாக எழுதியவர்கள் உண்டு.

உங்கள் வீட்டில் இணையம் நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?
*குறும்பு வாசகர்*

சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். எரிந்தால் ஒளி வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் இழையை மேசைக்கால் நசுக்கியிருக்கிறதா, யாராவது வளைத்துச் சொருகியிருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பேன். அங்கே ஒன்றும் இல்லை என்றால் புகார் எண்ணுக்கு அழைப்பேன். "அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் சார்" என்பார்கள். முப்பத்தோரு வருட அனுபவத்தை அடக்கிக்கொண்டு, சரிங்க என்று அணைத்துப் போடுவேன். அதன் பிறகும் சிவப்பு எரிந்தால் அவர்கள் அனுப்பும் பையன் வருவான். ஏணியை நான் பிடித்துக்கொள்வேன்.